பன்றித் தோலில் செய்த தகடு, மெலிந்த கருவிழியைத் தாங்குமா?

கேள்வி இதுதான்: "என் தம்பிக்கு 24 வயது. இரண்டு கண்ணிலும் கெரட்டோகோனஸ் (கருவிழி மெலிந்து கூம்பாகும் நோய்). இடது கண்ணுக்கு சி3ஆர் (கருவிழியை இறுக்கும் ஒளிச் சிகிச்சை) செய்யலாம், வலது கண்ணில் கருவிழி 380 மைக்ரான்தான் இருக்கிறது, அதற்கு முடியாது என்கிறார் டாக்டர். பன்றித் தோலிலிருந்து செய்த தகட்டை உள்ளே வைத்துக் கருவிழியைத் தடிமனாக்குகிறார்கள் என்று ஒரு வீடியோவில் பார்த்தோம். உண்மையா? அதற்காகக் காத்திருக்கலாமா? பன்றி என்றாலே அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்."

உண்மைதான். ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டும். நான் அறுவை செய்யும் டாக்டர் இல்லை. கருவிழிப் பிரிவில் ஆப்டோமெட்ரிஸ்டாக இருபது வருடத்துக்கு மேல் அளவு எடுத்துக்கொண்டும் லென்ஸ் பொருத்திக்கொண்டும் இருந்தவன். நான் சொல்வதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கருவிழி என்று பெயர் வைத்துவிட்டோமே தவிர, அதில் கருப்பு எதுவும் இல்லை. கைக்கடிகாரத்தின் மேல் கண்ணாடி மாதிரி முழுத் தெளிவானது. பின்னால் இருக்கும் நிறம்தான் நமக்குத் தெரிகிறது. நடுவில் அதன் தடிமன் சுமார் 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இதில் பத்தில் ஒன்பது பங்கு ஸ்ட்ரோமா என்ற நடு அடுக்கு. கொலாஜன் இழைகள் பாய் பாயாக, நூற்றுக்கணக்கில் அடுக்கியிருக்கும் இடம் அது. கெரட்டோகோனஸில் இந்தப் பாய்கள் வலுவிழந்து மெலிகின்றன. கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் மெலிந்த இடத்தை முன்னால் தள்ள, உருண்டையாக இருக்க வேண்டியது கூம்பாகிறது. பார்வையைக் கெடுப்பது அந்தக் கூம்பு வடிவம். மெலிவு கெடுப்பது வைத்தியத்தை: எதைச் செய்யப் போனாலும் "இதில் இடம் இல்லையே" என்று டாக்டர் கையை எடுக்க வேண்டியிருக்கிறது. உங்கள் தம்பியின் வலது கண்ணில் நடந்தது இதுதான்.

சி3ஆர் என்பது ரைபோஃபிளேவின் (வைட்டமின் பி2) சொட்டு விட்டு, அதன்மேல் புற ஊதா ஒளியைப் பாய்ச்சி, கொலாஜன் இழைகளுக்கு இடையே புதுப் பிணைப்புகளை உண்டாக்கும் சிகிச்சை. ஜெர்மனியின் டிரெஸ்டனில் உருவானது; நோயாளிகளில் கிடைத்த முதல் முடிவுகள் 2003-இல் வெளிவந்தன. அதில்தான் 400 மைக்ரான் என்ற கணக்கு வருகிறது. கருவிழியின் உள்பக்கம் எண்டோதீலியம் என்று ஒற்றை அடுக்கில் செல்கள் இருக்கின்றன. கருவிழிக்குள் ஊறும் தண்ணீரை இறைத்து வெளியேற்றி, அதைத் தெளிவாக வைப்பது அவைதான். செத்தால் மறுபடி வளராது. மேல் தோலை நீக்கிய பிறகும் 400 மைக்ரான் இருந்தால், புற ஊதா ஒளியில் பெரும்பகுதி அந்த அடுக்கைத் தொடும் முன்பே உறிஞ்சப்பட்டுவிடும். அதற்குக் கீழே போனால் ஆபத்து. மேல் தோலே சுமார் 50 மைக்ரான் என்பதால், ரிப்போர்ட்டில் 380 என்றால் சிகிச்சையின்போது மிஞ்சுவது 330தான்.

சரி, இப்போது பன்றிக்கு வருவோம்.

ஸ்வீடனின் லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் மெஹ்ர்தாத் ரஃபாத், நீல் லகாலி இருவரும் முன்னின்று செய்த வேலை இது. 2022 ஆகஸ்டில் நேச்சர் பயோடெக்னாலஜி இதழில் வந்தது. நீங்கள் பார்த்த வீடியோ அநேகமாக அதைப் பற்றியதாகத்தான் இருக்கும். மொத்தம் 20 பேர், முற்றிய கெரட்டோகோனஸ் நோயாளிகள். 12 பேர் ஈரானில், 8 பேர் நம் டெல்லி எய்ம்ஸில். ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணில் மட்டும் செய்தார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். பன்றியின் கண்ணை எடுத்து மனிதனுக்கு வைத்தார்கள் என்றும், பன்றித் தோலை வெட்டி ஒட்டினார்கள் என்றும் பரவியிருக்கிறது. இரண்டுமே நடக்கவில்லை. இறைச்சித் தொழிலில் மிஞ்சும் தோலிலிருந்து கொலாஜன் என்ற புரதத்தை மட்டும் கரைத்துப் பிரித்தெடுக்கிறார்கள். அந்த மூலக்கூறின் இரண்டு முனைகளிலும் வால் மாதிரி ஒரு பகுதி உண்டு. உடல் அந்நியப் பொருள் என்று அடையாளம் காணப் பெரிதும் காரணமாவது அதுதான். அதையும் நறுக்கிவிடுகிறார்கள். மிஞ்சுவது செல் இல்லாத, கொழுப்பு இல்லாத, பன்றியின் டிஎன்ஏ நீக்கப்பட்ட சுத்தமான புரதம். அதை அச்சில் ஊற்றி மெல்லிய தகடாக்குகிறார்கள். தோலிலும் கருவிழியிலும் முக்கியமாக இருப்பது ஒரே வகைக் கொலாஜன்தான். தோல் ஒளியை மறைப்பதற்குக் காரணம் இழைகளின் தடிமனும் தாறுமாறான அடுக்கும். அவற்றைக் கலைத்து வார்க்கும்போது தெளிவு கிடைத்துவிடுகிறது.

ஆனால் அப்படி வார்த்தது ஜெல்லி மாதிரி தொளதொளவென்று இருக்கும். ஆகவே இரண்டு முறை இறுக்குகிறார்கள். முதலில் ரசாயனத்தால், அப்புறம் ரைபோஃபிளேவினும் புற ஊதா ஒளியும் கொண்டு. கவனித்தீர்களா? உங்கள் தம்பியின் இடது கண்ணுக்குச் செய்யப் போகும் அதே வேலை, கண்ணுக்கு வெளியே, தொழிற்கூடத்தில் நடக்கிறது.

அறுவை முறைதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. வழக்கமான கருவிழி மாற்றில் நோயாளியின் கருவிழியை வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு, தானமாக வந்ததைத் தையல் போட்டு வைப்பார்கள். இதில் எதையும் எடுப்பதில்லை. கருவிழியின் குறுக்கே நடு ஆழத்தில் லேசரால் ஒரு பை மாதிரி பிரித்து, பக்கத்தில் சின்னத் திறப்பு வைத்து, அதன் வழியே தகட்டைச் செருகி விரித்துவிடுகிறார்கள். தலையணை உறைக்குள் அட்டை நுழைக்கிற மாதிரி. தையல் கிடையாது. லேசர் இல்லாத இடத்தில் கையால்கூட அந்தப் பையைப் பிரிக்க முடியும் என்கிறார்கள். மேல்புற நரம்புகள் பெரும்பாலும் வெட்டுப்படுவதில்லை. சாதாரண மாற்று அறுவையில் ஸ்டீராய்டு சொட்டு ஒரு வருடம், சிலருக்கு அதற்கும் மேல் ஓடும். இதில் எட்டு வாரம் போதுமானதாக இருந்தது.

பலன்? இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது இந்திய நோயாளிகளின் கருவிழி சராசரியாக 209 மைக்ரான் தடித்திருந்தது; ஈரானியருக்கு 285. கூம்பின் உச்சி வளைவு இந்தியாவில் சராசரி 13.9 டயாப்டரும் ஈரானில் 11.2 டயாப்டரும் (கண்ணாடிப் பவரை அளக்கும் அதே அலகு) தட்டையாகியிருந்தது. இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு அது சின்ன எண் இல்லை. தொடக்கத்தில் 14 பேர் மருத்துவக் கணக்குப்படி பார்வையற்றோர் என்ற வரம்புக்குள் இருந்தார்கள். முடிவில் ஒருவரும் இல்லை. இந்தியர்களில் மூன்று பேருக்கு 6/6 கிடைத்தது. உடல் ஏற்க மறுத்த சம்பவம் ஒன்றும் இல்லை.

படித்தவுடன் மனம் துள்ளத்தான் செய்யும். எனக்கும் துள்ளியது. ஆனால் நிதானமாகப் பாருங்கள். அந்தப் பார்வை அளவுகள் எல்லாம் கண்ணாடியோ லென்ஸோ போட்டு எடுத்த சிறந்த அளவுகள். தகடு வைத்ததும் கண்ணாடியைத் தூக்கி எறிந்துவிடலாம் என்று நினைத்தால் ஏமாற்றமாகிவிடும். முன்பு எந்த லென்ஸும் நிற்காத கண்ணில் இப்போது லென்ஸ் நிற்கிறது என்பதுதான் பெரிய லாபம். லென்ஸ் பொருத்துகிறவனாகச் சொல்கிறேன், அதுவே வாழ்க்கையை மாற்றிவிடும் லாபம். இன்னொன்று, 20 பேர் என்பது முதல் கட்டச் சோதனை. வேறு சிகிச்சை பெற்ற ஒரு குழுவைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடவில்லை. இரண்டு வருடம் என்பது 24 வயதுப் பையனின் கண்ணுக்கு மிகச் சின்னக் காலம். அவனுக்கு இன்னும் ஐம்பது வருடம் தாங்க வேண்டும்.

யாருக்கெல்லாம் இது ஆகாது என்பதும் முக்கியம். தழும்பு விழுந்து வெளுத்த கருவிழியில் தகட்டைச் செருகினாலும் தழும்பு அங்கேயேதான் இருக்கும். எண்டோதீலியம் கெட்டு நீர் கோத்த கண்ணுக்கும் இதனால் பயனில்லை, ஏனென்றால் அங்கே குறை தடிமனில் இல்லை. மெலிந்திருக்க வேண்டும், ஆனால் தெளிவாக இருக்க வேண்டும். அந்தச் சன்னல் திறந்திருக்கும் கண்களுக்கு மட்டுமே இது.

விலங்கின் திசுவைக் கண்ணில் வைக்கும் யோசனை புதிதும் இல்லை. 1838-இல் நியூயார்க்கில் ரிச்சர்ட் கிஸ்ஸாம் என்ற டாக்டர் பன்றியின் கருவிழியை அப்படியே ஒரு நோயாளிக்கு வைத்துப் பார்த்தார். மயக்க மருந்து புழக்கத்துக்கு வராத காலம், நினைத்துப் பாருங்கள். கொஞ்ச நாள் தெளிவு இருந்தது, அப்புறம் மங்கிப்போனது. மனிதனிடமிருந்து மனிதனுக்கு வைத்து நிலைத்த முதல் கருவிழி 1905-இல்தான் வந்தது, இன்றைய செக் நாட்டின் ஓலோமூட்ஸ் நகரில், எட்வார்ட் ஸிர்ம் கையால். கிஸ்ஸாம் ஏன் தோற்றார் என்பதற்குக் காரணம் பின்னால் தெரிந்தது. பன்றி, மாடு போன்றவற்றின் செல்களின்மேல் ஆல்ஃபா-கால் என்று ஒரு சர்க்கரை ஒட்டியிருக்கும். மனிதர்களிடமும் மனிதக் குரங்குகளிடமும் அது இல்லை. நம் ரத்தத்தில் அதற்கு எதிரான ஆன்டிபாடி எப்போதும் தயாராக இருக்கிறது. கருவிழியில் ரத்தக்குழாய் இல்லாததால் தாக்குதல் மெதுவாக வரும், அவ்வளவுதான்.

ஆகவே இன்றைக்கு இரண்டு வழிகள். ஒன்று, பன்றிக் கருவிழியையே எடுத்து, செல்களை முழுக்கக் கழுவி, வெறும் கொலாஜன் கூட்டை மட்டும் வைப்பது. சீனா இந்த வகையில் ஒரு பொருளுக்கு 2015-இலேயே அனுமதி கொடுத்துவிட்டது. அது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்றால் புண்ணான கருவிழியின் மேற்பகுதியை நீக்கிவிட்டு அந்த இடத்தில் வைக்க. உங்கள் தம்பியின் சிக்கல் வேறு. இரண்டாவது, மேலே சொன்ன மாதிரி புரதத்தைப் பிரித்தெடுத்துப் புதிதாக வார்ப்பது.

பிளாஸ்டிக் தகடு வைத்தால் என்ன என்று கேட்பார்கள். 1949-இலேயே பாரக்கெர் என்ற கண் டாக்டர் கண்ணாடித் தகட்டையும் பிளாஸ்டிக்கையும் கருவிழிக்குள் வைத்துப் பார்த்தார். கருவிழிக்கு ஆக்ஸிஜன் வெளியே கண்ணீரிலிருந்தும், குளுக்கோஸ் உள்ளே இருக்கும் திரவத்திலிருந்தும் ஊறி வர வேண்டும். நடுவில் ஊடுருவ முடியாத தகடு வந்தால் மேலே இருக்கும் திசு பட்டினியில் கரைந்துபோகிறது. கொலாஜன் தகட்டுக்குள் குளுக்கோஸ் ஊறிப் போகும், நம் செல்களும் மெல்லக் குடியேறலாம்.

இவ்வளவு பாடு எதற்கு, தானக் கண் இல்லையா என்றால், உலகக் கணக்கு மோசமாக இருக்கிறது. 2016-இல் வந்த ஒரு பெரிய கணக்கெடுப்பின்படி 1 கோடியே 27 லட்சம் பேர் கருவிழிக்காகக் காத்திருந்தார்கள். 70 பேருக்கு ஒன்றுதான் கிடைத்தது. தானக் கருவிழியை இரண்டு வாரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். பன்றிக் கொலாஜன் தகட்டை இரண்டு வருடம் வரை வைத்திருக்கலாம். கண் வங்கியே இல்லாத நாடுகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை. நாம் அந்த வரிசையில் இல்லை. இந்தியாவின் முதல் கண் வங்கி 1945-இல் சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில்தான் தொடங்கியது.

அம்மாவின் தயக்கத்தைப் பற்றி. அதைச் சிரித்து ஒதுக்காதீர்கள். மருத்துவத்தில் பன்றி ஏற்கெனவே நிறைய இருக்கிறது என்பது உண்மை. இதய வால்வு இருக்கிறது. 1980கள் வரை இன்சுலின் பன்றியிடமிருந்தும் மாட்டிடமிருந்தும்தான் வந்தது. ஆஞ்சியோ செய்யும்போது ஏற்றும் ஹெப்பாரின் பன்றிக் குடலிலிருந்து எடுப்பது. ஆனால் இதையெல்லாம் அடுக்கி ஒரு தாயை மடக்குவதில் என்ன பெருமை? அவருக்குச் சொல்ல வேண்டியது வேறு. இஸ்லாமியக் குடும்பம் என்றால், ஒரு பொருள் முழுக்க வேறொன்றாக மாறிவிட்டால் அதன் பழைய விதி பொருந்துமா என்ற விவாதம் அறிஞர்களிடையே நெடுங்காலமாக உண்டு. உயிர் காக்கவோ உறுப்பைக் காக்கவோ வேறு வழி இல்லாதபோது கிடைக்கும் விலக்கும் தனியாக இருக்கிறது. எல்லோரும் ஒரே முடிவு சொல்வதில்லை. உங்கள் ஆலிமிடம் "தோல் இல்லை, தோலிலிருந்து பிரித்த புரதம்" என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். அந்த 20 பேரில் 12 பேர் ஈரானில் சிகிச்சை பெற்றார்கள் என்பதையும் சொல்லலாம். சைவக் குடும்பம் என்றால், மனித மரபணுவை ஈஸ்டில் புகுத்தி விலங்கே இல்லாமல் கொலாஜன் தயாரித்து, ஸ்வீடனில் 10 பேருக்கு வைத்துப் பார்த்த முடிவுகள் 2010-இலேயே வந்தன. அந்த வழி இன்னும் மூடவில்லை. பன்றித் தோலுக்குப் போனதில் விலையும் தாராளமாகக் கிடைப்பதும் பெரிய காரணங்கள்.

ஆனால் அம்மாவோடு இந்தப் பேச்சே இப்போது தேவைப்படாமல் போகலாம். ஏனென்றால் 380 மைக்ரான் என்பது "எதுவும் செய்ய முடியாது" என்ற எண் இல்லை. 400-க்குக் கீழே சி3ஆர் செய்யவே கூடாது என்பது பழைய விதி. சென்னையைச் சேர்ந்த டாக்டர் சூசன் ஜேக்கப் 2014-இல் ஒரு முறையை வெளியிட்டார்: ரைபோஃபிளேவினில் ஊறவைத்த, புற ஊதா ஒளியைத் தடுக்காத கான்டாக்ட் லென்ஸைக் கருவிழியின்மேல் வைத்துவிட்டு ஒளி பாய்ச்சுவது. அரை மணி நேரத்துக்கு மட்டும் கருவிழியைத் தடிமனாக்குகிற தந்திரம். வேலை முடிந்ததும் லென்ஸை எடுத்துவிடலாம். சுவிட்சர்லாந்தில் ஹஃபேசி குழு வேறு மாதிரி யோசித்தது: கருவிழி எவ்வளவு மெலிந்திருக்கிறதோ அதற்கேற்ப ஒளி பாய்ச்சும் நேரத்தைக் குறைப்பது. 2021-இல் வந்த அவர்கள் ஆய்வில் மேல் தோல் நீக்கிய பின் 214 மைக்ரான் வரை மெலிந்த கண்களுக்கும் செய்திருக்கிறார்கள். உங்கள் தம்பியின் 330 அந்த எல்லைக்குள்தான் வருகிறது. எல்லா மருத்துவமனையிலும் இது செய்வதில்லை. அதனால் "முடியாது" என்பதற்கு "இங்கே முடியாது" என்றும் பொருள் இருக்கலாம்.

திசு சேர்த்துத் தடிமனாக்கும் வழியும் இங்கேயே இருக்கிறது, மனிதத் திசுவில். அதே சூசன் ஜேக்கப் 2018-இல் வெளியிட்ட கெய்ர்ஸ் என்ற முறையில், தானமாக வந்த கருவிழியிலிருந்து பிறை வடிவத் துண்டுகளை வெட்டி, கருவிழிக்குள் லேசரால் துளைத்த வளைவுப் பாதையில் செருகுகிறார்கள். முன்பு அந்த இடத்தில் பிளாஸ்டிக் வளையம் வைப்பார்கள். மெலிந்த கண்ணில் அது அரித்து வெளியே வரும் பயம் உண்டு. மனிதத் திசுவில் அந்தப் பயம் குறைவு. முழு மாற்றுக்கு உதவாத தானக் கண்ணைக்கூட இதற்குப் பயன்படுத்தலாம், ஏனென்றால் இங்கே எண்டோதீலியம் தேவையில்லை. இவை எதுவும் ஒத்துவரவில்லை என்றால்தான் டால்க்: உள் அடுக்கை விட்டுவிட்டு மேலே உள்ளதை மட்டும் மாற்றும் அறுவை. அது பெரிய அறுவைதான், ஆனால் பல வருட அனுபவம் சேர்ந்தது.

காத்திருக்கக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 24 வயதில் நோய் இன்னும் நகர்ந்துகொண்டிருக்க வாய்ப்பு உண்டு. மெலிந்துகொண்டே போனால் ஒரு நாள் உள்சவ்வு கிழிந்து தண்ணீர் உள்ளே புகுந்து, ஒரே இரவில் கருவிழி வெளுத்துவிடும். ஹைட்ராப்ஸ் என்பார்கள். ஆறிய பிறகு தழும்பு மிஞ்சும். தழும்பு விழுந்த கண்ணுக்கு நீங்கள் வீடியோவில் பார்த்த தகடு உதவாது என்று மேலேயே சொன்னேன். அதாவது, அந்தத் தகட்டுக்காகக் காத்திருந்தே அந்தத் தகட்டுக்குத் தகுதி இழந்துவிடலாம். நோயை இப்போது நிறுத்தி வைத்தால், பத்து வருடம் கழித்து எது வந்தாலும் அதைப் பயன்படுத்திக்கொள்ளக் கருவிழி மிஞ்சியிருக்கும்.

யாராவது "எங்களிடம் பன்றிக் கொலாஜன் தகடு இருக்கிறது, இத்தனை லட்சம்" என்றால் உடனே தலையாட்டாதீர்கள். ஆய்வா, அனுமதி பெற்ற சிகிச்சையா என்று நேராகக் கேளுங்கள். ஆய்வு என்றால் சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டில் அதற்கு ஒரு எண் இருக்க வேண்டும். 2009-இலிருந்து அது கட்டாயம். அந்த எண்ணை வாங்கி நீங்களே இணையத்தில் பார்க்கலாம். சோதனையில் இருக்கும் பொருளுக்கு நோயாளியிடமே லட்சக்கணக்கில் காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: பழைய டோபோகிராஃபி (கருவிழியின் வடிவத்தை அளக்கும் ஸ்கேன்) ரிப்போர்ட் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கிக்கொண்டு, கருவிழிக்கென்றே தனிப் பிரிவு உள்ள இன்னொரு மருத்துவமனையில் இரண்டாவது கருத்து கேளுங்கள். தம்பி லென்ஸ் போடுபவர் என்றால், ஸ்கேனுக்கு எத்தனை நாள் முன்பு அதை நிறுத்த வேண்டும் என்று போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். லென்ஸ் அழுத்திய கருவிழி பொய் சொல்லும். 380 என்பது எந்த மெஷினில் எடுத்தது, மெலிந்த புள்ளியா நடுப்புள்ளியா என்றும் கேளுங்கள்.

அப்புறம், இரவில் அவர் தூங்கும்போது ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். கண்ணைக் கசக்குகிறாரா, வலது பக்கம் குப்புறப் படுத்துக் கையைக் கண்ணில் அழுத்திக்கொண்டு தூங்குகிறாரா என்று. மோசமான கண் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே படுக்கிற பழக்கத்தை நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறேன். அரிப்பு இருந்தால் அலர்ஜி சொட்டு எழுதி வாங்குங்கள். இடது கண்ணுக்கு சி3ஆர் தேதி கொடுத்திருந்தால், வலது கண் விவகாரம் முடியட்டும் என்று அதைத் தள்ளிப் போடாதீர்கள்.